திரையிலா, தாளிலா?

"அக்கா, 'பிரிண்ட் செய்யும்'னு போட்டிருக்கு. ஸ்க்ரீன்ல காட்டுமா, பேப்பர்ல அடிக்குமா?"

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் கேட்ட கேள்வி இது. அவன் எதிரே லினக்ஸின் கேட் கட்டளைக்கான மேன் பக்கம், அதாவது கையேட்டுப் பக்கம், திறந்திருந்தது. கோப்புகளைக் கோத்து ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் பிரிண்ட் செய்யும் என்று அதில் ஒரு வரி. பல பேர் லாகின் செய்திருக்கும் சர்வர். என்டர் தட்டினால் மாடியில் இருக்கும் பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிடுமோ என்று விரலை அந்தரத்திலேயே வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் நியாயமானதுதான். இதே மாதிரி ஒரு பொது பிரிண்டரை நான் தறிகெட்டு ஓடவிட்ட கதை அவனுக்குத் தெரியாது.

கதைக்குப் போவதற்கு முன் ஒன்று. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். கேட் என்றால் சி, ஏ, டி. பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கான்கேட்டினேட், அதாவது கோத்தல் என்ற சொல்லின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த மூன்று எழுத்து அது.

தம்பியின் கேள்விக்கு நேர் பதில்: திரையில்தான் காட்டும். அப்படியானால் ஏன் பிரிண்ட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்? எழுதிய காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்ததால். லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அப்போது அதன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் திரை கிடையாது. டெலிடைப் மாடல் 33 என்று ஒரு தட்டச்சு இயந்திரம், அதில் ஒரு காகித உருளை. நீங்கள் தட்டுவதும் காகிதத்தில் விழும், கணினி சொல்வதும் அதே காகிதத்தில் விழும். வேகம் நொடிக்கு 10 எழுத்து. ஒரு வரிக்கு 72 எழுத்து என்றால் ஒரு வரி அடித்து முடிக்க 7 நொடி. 66 வரி கொண்ட ஒரு பக்கம் நிறைய எட்டு நிமிடம் ஆகும். கட்டளைகளின் பெயர்கள் எல்எஸ், சிபி என்று இரண்டெழுத்தில் சுருங்கிப்போனதற்கு அந்த வேகமும் ஒரு காரணம் என்பார்கள். அப்புறம் திரை வந்தது, உருளை போனது, சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் டெர்மினலில் டிடிஒய் என்று தட்டினால் நீங்கள் எந்த முனையில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். அந்தப் பெயரிலேயே டெலிடைப் உட்கார்ந்திருக்கிறது.

கேட் கட்டளை திரையில் காட்டத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை கோப்பது. அதில் நான் அடி வாங்கிய முதல் இடமும் அதுதான். ஆராய்ச்சி மாணவியாக இருந்த புதிதில், இரண்டு குறிப்புக் கோப்புகளை ஒன்றாக்கி முதல் கோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இப்படித் தட்டினேன்:

கேட் குறிப்பு1 குறிப்பு2 > குறிப்பு1

பார்க்க ஒழுங்காகத்தானே இருக்கிறது? ஆனால் அந்த அம்புக்குறியைக் கவனிப்பது கேட் இல்லை, ஷெல்; நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல் அது. கேட் கண் விழிப்பதற்கு முன்பே ஷெல் குறிப்பு1-ஐ எழுதுவதற்காகத் திறந்து, உள்ளே இருந்ததை வழித்துத் துடைத்துவிடும். அப்புறம் கேட் வந்து பார்த்தால் அந்தக் கோப்பு காலி. "உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கோப்பு" என்று ஒரு எச்சரிக்கை வந்தது. செத்த பிறகு வந்த வைத்தியர் மாதிரி. மூன்று வாரக் குறிப்புகள் போயின. அன்றிலிருந்து என் ஷெல் அமைப்பில் நோக்ளாபர் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே இருக்கிற கோப்பின் மேல் ஒற்றை அம்பு போட்டால் ஷெல் மறுத்துவிடும்.

இன்னொரு விஷயமும் கேட்டோடு வரும். எழுத்துக் கோப்பு என்று நினைத்து, கம்பைல் செய்த நிரலையோ படத்தையோ காட்டச் சொன்னால் திரை பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிடும். பீப் பீப் என்று சத்தம், அப்புறம் நீங்கள் தட்டும் எழுத்தெல்லாம் கோடுகளும் கட்டங்களுமாக விழும். கணினி கெட்டுவிட்டது என்று புதியவர்கள் ஜன்னலை மூடிவிட்டு ஓடுவார்கள். கெடவில்லை. கோப்புக்குள் இருந்த ஏதோ ஒரு பைட்டை டெர்மினல் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு வேறு எழுத்துத் தொகுப்புக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். திரையில் என்ன தெரிந்தாலும் பொருட்படுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டி என்டர் அடியுங்கள், தெளிந்துவிடும். அதைவிட, முதலில் ஃபைல் என்ற கட்டளையைக் கேட்டுக்கொள்வது நல்லது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது எழுத்தா, படமா, பிடிஎஃப்பா என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லும்.

நீளமான கோப்பு என்றால் கேட் உதவாது. விர்ரென்று ஓடிக் கடைசி வரியில் நிற்கும். கன்ட்ரோல் எஸ் அழுத்தி நிறுத்து, கன்ட்ரோல் க்யூ அழுத்தி ஓடவிடு என்று ஒரு பழைய வித்தை உண்டு. பாதிப் பேர் கை தவறி கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டு டெர்மினல் உறைந்துபோனதாக எனக்குச் செய்தி அனுப்புவதோடு சரி. 1978-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹால்பர்ட் மோர் என்ற கட்டளையை எழுதினார். ஒரு திரை நிறையக் காட்டிவிட்டு, கீழே 'மோர்' என்று போட்டுக் காத்திருக்கும். இன்னும் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்பது போல. அதில் பின்னால் போக வசதி போதவில்லை என்று மார்க் நூடல்மன் எண்பதுகளில் எழுதியதுதான் லெஸ். மோருக்கு எதிர்ப்பதம் லெஸ். பெயரில் குறும்பு, வேலையில் நிறைவு.

நான் நாள் முழுக்க இருப்பது லெஸ்ஸுக்குள்தான். ஸ்பேஸ் முன்னே, பி பின்னே, சாய்கோடு போட்டுத் தேடல், க்யூ வெளியே. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது இரண்டு. ஆம்பர்சேண்ட் குறி போட்டு ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் காட்டும். பெரிய எஃப் அழுத்தினால் கோப்பின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டு, புது வரி வர வரக் காட்டிக்கொண்டே இருக்கும். லாக் கோப்பு பார்க்க இதைவிடச் சுகம் வேறில்லை. தலையும் வாலும் பார்த்தால் போதும் என்றால் ஹெட், டெயில் இருக்கின்றன. ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டும் பத்துப் பத்து வரி காட்டும்.

சரி, இனி காகிதம்.

முன்பு நான் இருந்த துறையில் ஒரே பிரிண்டர், எல்லோருக்கும் பொது. கட்டளை எல்பிஆர். கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் நகல் ஒன்றை எடுத்து ஸ்பூல் என்கிற காத்திருப்பு அறைக்குள் போட்டுவிட்டு உடனே அடுத்த கட்டளைக்குத் தயாராகிவிடும். நகல் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அனுப்பிய பிறகு மூலக் கோப்பைத் திருத்தினாலும் தாளில் பழையதுதான் வரும். "இப்பதானே எழுத்துப்பிழையை மாத்தினேன்" என்று பிரிண்டர் முன்னால் நின்று புலம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் புலம்பியிருக்கிறேன்.

அந்தத் துறையில் முகப்புத் தாளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அனுப்பியவரின் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துவரும் அந்த ஒரு தாள் வீண் என்று முடிவு. அதனால் தட்டில் கிடக்கும் குவியலில் எது யாருடையது என்று தெரியாது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாகத் தயாராக இருந்தது, 1.2 எம்பி. யாராவது எடுத்துப் போய்விடப் போகிறார்களே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. என் பெயர் ஒரு வரி மட்டும் இருக்கும் ஒரு குட்டிக் கோப்பைச் செய்தேன். அதையும் அத்தியாயத்தையும் கேட் கொண்டு கோத்து, பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையில் வருவதை அடுத்த கட்டளைக்கு ஊட்டும் குழாய் வழியாக, நேரே எல்பிஆருக்கு விட்டேன். எவ்வளவு அழகு பாருங்கள், இரண்டு கட்டளைகளையும் சரியாகப் பயன்படுத்திவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு மேலே போனேன்.

முதல் தாளில் உச்சியில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பிஎஸ், அடோபி என்று ஆரம்பித்து வரி வரியாக எண்களும் அடைப்புக்குறிகளும். இரண்டாம் தாளும் அப்படியே. மூன்றாவதும். அத்தியாயம் வரவில்லை, அத்தியாயத்தை எப்படி வரைய வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் நிரல் வந்துகொண்டிருந்தது.

காரணம் ரொம்பச் சின்னது. போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் முதல் இரண்டு எழுத்து சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியுமாக இருக்க வேண்டும். அச்சு வரிசையில் இருக்கும் வடிகட்டி நிரல் அந்த இரண்டை மட்டும் பார்த்துத்தான், இது வரைய வேண்டியதா, அப்படியே எழுத்தாக அடிக்க வேண்டியதா என்று முடிவு செய்கிறது. நான் முன்னால் என் பெயரைப் போட்டதும் முதல் எழுத்து என் பெயரின் முதல் எழுத்தாகிவிட்டது. சரி, இது ஏதோ கடிதம் போலிருக்கிறது என்று அது எழுத்தாகவே அடிக்க ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக்கு நாலரை கேபி என்று வைத்துக்கொண்டாலும் 1.2 எம்பிக்குக் கிட்டத்தட்ட 270 பக்கம்.

கீழே ஓடி எல்பிக்யூ தட்டினேன். வரிசையைக் காட்டும் கட்டளை அது. முதலில் என் வேலை, ஆக்டிவ் என்று. அதன் பின்னால் ஐந்து பேர். என் பேராசிரியரும் அதில் ஒருவர். வேலை எண்ணைப் பார்த்து எல்பிஆர்எம் கொடுத்தேன். வரிசையிலிருந்து என் பெயர் போனது. அப்பாடா என்று மேலே போனால், பிரிண்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது! ஸ்பூலில் இருந்து நீக்கியாயிற்று. ஆனால் அதற்குள் பிரிண்டரின் சொந்த நினைவகத்துக்குள் போய்ச் சேர்ந்த பக்கங்கள் எல்பிஆர்எம்முக்கு எட்டாது. பதற்றத்தில் மின் இணைப்பைப் பிடுங்கப் போனேன். சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வந்து கையைத் தடுத்தார். பாதித் தாள் உருளைக்குள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால் அது சுருண்டு சிக்கிக்கொள்ளும், அப்புறம் சூடான உருளையைத் திறந்து இடுக்கியால் எடுக்க வேண்டும் என்றார். பிரிண்டரின் முகப்பில் இருந்த பொத்தானை அழுத்தி ஆஃப்லைன் செய்துவிட்டு நினைவகத்தைக் காலி செய்தார். அதுவரை 64 தாள் வந்திருந்தது. ஒரு வருடம் அவற்றின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டேன். அந்த ஒரு வருடமும் துறையில் யாருக்கு அந்தத் தாள் கிடைத்தாலும் உச்சியைப் பார்க்காமலே யாருடையது என்று தெரிந்தது.

அந்த அண்ணனிடம் ஒரு கதை உண்டு. எல்பிஆர்எம் போட்டுப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டால், அனுப்பியவருடைய எல்லா வேலைகளும் நீங்கும். அவர் ஒரு நாள் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, இருப்பதை மறந்து அதைத் தட்டிவிட்டார். ரூட்டுக்கு எல்லாமே தன்னுடையதுதானே! மொத்த வரிசையும் காலி. "யாருமே கேட்கலை. பிரிண்டர் மேலதான் சந்தேகப்பட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்போது லினக்ஸிலும் மேக்கிலும் அடியில் ஓடுவது கப்ஸ் என்ற அச்சு அமைப்பு. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளியிட்டது. பழைய பெர்க்லி வழக்கமான எல்பிஆர், எல்பிக்யூ, எல்பிஆர்எம் மூன்றும் அதில் வேலை செய்யும். யூனிக்ஸின் இன்னொரு கிளையான சிஸ்டம் ஃபைவ் வழக்கமான எல்பி, எல்பிஸ்டாட், கேன்சல் மூன்றும் வேலை செய்யும். நல்ல மனசுதான். ஆனால் இரண்டு குடும்பத்தையும் ஒரே வீட்டில் குடிவைத்ததில் ஒரு சங்கடம்: எல்பிஆரில் பெரிய பி போட்டால் எந்தப் பிரிண்டர் என்று அர்த்தம். எல்பியில் அதே பெரிய பி போட்டால் எந்தெந்தப் பக்கங்கள் என்று அர்த்தம். பிரிண்டருக்குச் சின்ன டி. 3 முதல் 5 வரை வேண்டும் என்று நினைத்து, பழக்க தோஷத்தில் எல்பிஆரோடு பெரிய பி போட்டுப் பக்க எண்ணைக் கொடுத்தால், '3-5' என்ற பெயரில் பிரிண்டரே இல்லை என்று சொல்லிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பழைய பேரலல் போர்ட் பிரிண்டருக்கான நிரலில் 'எல்பி0 ஆன் ஃபயர்' என்று ஒரு செய்தி இருக்கிறது. பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறதாம். தாளும் இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, ஆனாலும் பிழை என்கிறது என்றால் வேறென்ன சொல்வது என்று யாரோ எழுதி வைத்தது. நான் நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

வெறும் எழுத்துக் கோப்பு அடிப்பவர்கள் பிஆர் கட்டளையைப் பழகிக்கொள்ளலாம். தேதி, கோப்பின் பெயர், பக்க எண் மூன்றையும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போட்டுத் தரும். பக்கத்துக்கு 66 வரி என்று கணக்கு வைத்திருக்கிறது. 11 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 6 வரி. உங்கள் தாளின் நீளம் வேறு என்றால் எல் என்ற விருப்பத்தில் வரி எண்ணிக்கையை மாற்றிக் கொடுங்கள்.

ஆனால் கோப்பு தமிழில் இருந்தால் இதெல்லாம் செல்லாது. ஒரு முறை தமிழில் எழுதிய குறிப்பு ஒன்றை எல்பிஆரில் நேரடியாக விட்டேன். தாளில் வந்தது: மேலே சாய்கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடியும் அந்த ஏ, அந்த ஆர். பக்கம் முழுக்க நூற்றுக்கணக்கில் பதிவு வணிகக் குறி. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மெய்களும் உயிர்களும் பதினாறடிமான எண்ணில் ஈ0, ஏஈ என்று எழுதப்படும் இரண்டு பைட்டில்தான் ஆரம்பிக்கும். பழைய வரிசைக்கு அது தெரியாது. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் ஈ0 சாய்கோடு போட்ட ஏ, ஏஈ வட்ட ஆர். 'தமிழ்' என்ற சொல்லை வரி முடிவு இல்லாமல், எண்ணிச் சொல்லும் கட்டளையான டபிள்யூசியில் எண்ணிப் பாருங்கள். பைட் கணக்கு 15, குறிக் கணக்கு 5, நமக்கோ மூன்றே எழுத்து. ஹெட் கட்டளையில் பைட் கணக்கில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தி இறங்கும்.

லெஸ்ஸில் கோண அடைப்புக்குள் இதே ஈ0, ஏஈ என்று வந்தால் கோப்பில் தப்பில்லை. உங்கள் லொகேல், அதாவது மொழி, எழுத்து முறை பற்றிய அமைப்பு, யுடிஎஃப்-8 இல்லை என்று அர்த்தம், அதை மாற்றுங்கள். அச்சுக்கு நான் பாப்ஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறேன். எழுத்துகளைச் சேர்த்து வரையும் பாங்கோ நூலகம் அதற்குள் இருப்பதால் கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் நிற்கும். அதில் வருவதை எல்பிஆருக்கு விட்டால் போதும். முன்னால் பெயரெல்லாம் சேர்க்காதீர்கள்.

பொதுக் கணினியில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்று சிஎச்மோட் போட்டுக் கட்டுப்படுத்தலாம். தாளுக்கு அந்த வசதி இல்லை. தட்டில் விழுந்த நொடியிலிருந்து அது அந்த வழியாகப் போகிற எல்லோருக்கும் சொந்தம். மதிப்பெண் பட்டியல், ராஜினாமாக் கடிதம், இன்னும் அனுப்பாத விண்ணப்பம் எல்லாவற்றையும் அந்தத் தட்டில் பார்த்திருக்கிறேன். கப்ஸில் எல்பியோடு பெரிய எச் போட்டு 'ஹோல்ட்' கொடுத்தால் வேலை வரிசையிலேயே நிற்கும்; பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு விடுவிக்கலாம். யாருமே செய்வதில்லை.

எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தப் பொது பிரிண்டர் தொல்லைக்கு ஒரு வழி கண்டிருந்தார். அச்சு முடிந்தால் அனுப்பியவருக்குச் செய்தி போகும். தாள் சிக்கினால் வரிசையில் காத்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போகும், யாராவது ஒருவர் போய் எடுத்துவிடுவார். அப்புறம் ஆய்வகத்துக்கு ஒரு புது லேசர் பிரிண்டர் நன்கொடையாக வந்தது. அதன் மூல நிரல் கிடைக்கவில்லை, அதே வசதியைச் சேர்க்க முடியவில்லை. அந்த எரிச்சல் 1983-இல் அவர் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. தாள் சிக்கியதில் பிறந்த கோபம் என்பதால் எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். முக்கியமாக, அனுப்பிவிட்டு இடத்திலேயே உட்கார்ந்திருக்காதே, போய் எடு என்று இரண்டு தடவை சொன்னேன். அவன் ஒழுங்காக ஃபைல் போட்டுப் பார்த்தான், லெஸ்ஸில் திறந்து பார்த்தான், எல்பிஆர் கொடுத்தான், எல்பிக்யூவில் 'நோ என்ட்ரீஸ்' என்று வந்ததும் எழுந்து மேலே போனான். கையில் தாள்களோடு திரும்பி வந்தான்.

"அக்கா, என்னோடது மூணு பக்கம்தான். தட்டுல எட்டு இருந்துச்சு. மீதி அஞ்சுக்கு முகப்புத் தாள்ல உங்க பேர் போட்டிருக்கு. நேத்துக் காலைல அடிச்சதாம்."